மிளகாய்ப்பழச் சிவப்பில் நாற்பது பேர்

எங்கள் கல்லூரியில் கைரேகை மெஷின் வைத்த வருஷம்தான் நான் ஐந்து நாள் பயிற்சி ஒன்றுக்குப் போய் பைத்தான் என்கிற கணினி மொழியைக் கற்றுக்கொண்டு வந்தேன். இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. சம்பந்தத்தை உண்டாக்கியவர் எங்கள் முதல்வர்.

கல்லூரி மதுரைக்கு மேற்கே, வகுப்பறை ஜன்னலில் சமணர் மலை தெரிகிற தூரத்தில் இருக்கிறது. நான் அங்கே புள்ளியியல் நடத்துகிறவன். முதல்வர் தாவரவியல்காரர். ஓர் இலையைக் கையில் கொடுத்தால் அந்தச் செடியின் குலம் கோத்திரம் எல்லாம் சொல்லிவிடுவார். ஆனால் கணினியில் ஒரு ஃபைலைத் திறக்க ஆள் கூப்பிடுவார். அப்படித்தான் ஒரு செவ்வாய்க்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

"சார், பைத்தான் படிச்சிட்டு வந்திருக்கீங்கல்ல, ஒரு படம் போட்டுக் குடுங்க. வெள்ளிக்கிழமை செகரட்டரி வாராரு. நம்ம ஸ்டாஃப் யாரு எப்ப வாராங்கன்னு அவருக்கு ஒரே பார்வையில தெரியணும்."

செகரட்டரி என்பவர் எங்கள் நிர்வாகத்தின் செயலாளர். டவுனில் பெரிய பாத்திரக்கடை வைத்திருக்கிறார். காலை எட்டரைக்குக் கடை திறக்கிற மனிதர். ஒன்பது மணிக்குத் தொடங்கும் கல்லூரிக்கு ஒன்பதேகாலுக்கு வாத்தியார் வருவது அவருக்கு எந்தக் காலத்திலும் புரிந்ததில்லை.

நான் படம் போட்டேன். முந்தின நாள், அதாவது திங்கட்கிழமை, மெஷினில் பதிவான நேரங்களை எடுத்துக்கொண்டேன். எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை உள்ள ஒரு மணி நேரத்தை ஐந்தைந்து நிமிடமாக வெட்டினால் பன்னிரண்டு துண்டு. ஒவ்வொரு துண்டிலும் எத்தனை பேர் விரல் வைத்தார்களோ அத்தனை உயரத்துக்கு ஒரு பெட்டி. பள்ளிப் புத்தகத்தில் இதற்கு நிகழ்வுச் செவ்வகம் என்று பெயர். எங்கள் ஊழியர் அறையில் படத்தை ஹிஸ்டோகிராம் என்போம், பெட்டியை பார் என்போம். ஒன்பதுக்கு முந்தைய ஐந்து நிமிடத்தின் பார்தான் உயரமானது, கோபுரம் மாதிரி. ஒன்பதுக்குப் பிறகு சின்னச் சின்னதாகச் சில. அவற்றின் நடுவே ஒன்பது பத்துக்கும் ஒன்பதேகாலுக்கும் இடையில் மட்டும் ஒன்று தலையைத் தூக்கிக்கொண்டிருந்தது.

முதல்வர் அதைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்ன சார், எல்லாம் ஒரே ஊதாவா இருக்கு? துவைக்கப் போட்ட யூனிஃபார்ம் மாதிரி."

"சார், இது ஒரே விஷயத்தோட கணக்கு. ஒரே கலர்லதான் போடணும்."

நான் இதைச் சும்மா சொல்லவில்லை. பட்டை வரைபடம் வேறு, ஹிஸ்டோகிராம் வேறு. ஹிஸ்டோகிராமில் பாருக்கு ஒரு கலர் அடித்த பிள்ளைகளுக்கு நான் வருஷா வருஷம் மார்க் குறைத்திருக்கிறேன். முதல்வருக்கு அந்த வரலாறு தேவைப்படவில்லை.

"ஒவ்வொரு அஞ்சு நிமிஷத்துக்கும் ஒவ்வொரு கலர் குடுங்க சார். ஒம்போதுக்கு முந்தி வர்றது பச்சையில இருக்கட்டும். ஒம்போது தாண்டுனா சிவப்பு. போகப்போக இருட்டிக்கிட்டே போகட்டும். ஒண்ணு மட்டும் பாத்துக்கங்க, கறுப்பும் சிவப்பும் பக்கத்துல பக்கத்துல வந்துரக் கூடாது. நாளைக்கு எவனாவது கொடின்னு சொல்லுவான்."

துறைக்கு வந்து கணினி முன்னால் உட்கார்ந்தேன். கலர் என்று கேட்கிற இடத்தில் சிவப்பு என்று எழுதினேன். பன்னிரண்டு பாரும் சிவப்பாயின. பச்சை என்று எழுதினேன், மொத்தமும் பச்சை. பன்னிரண்டு கலரை வரிசையாக எழுதிக் கொடுத்தேன். அதற்கு அந்த பைத்தான் நிரல் கோபித்துக்கொண்டு, ஒரு தரவுத் தொகுப்புக்கு ஒரு கலர்தான் தரலாம் என்று ஆங்கிலத்தில் நாலு வரி திட்டியது. நான் பிள்ளைகளுக்குச் சொல்வதையே எனக்குத் திருப்பிச் சொன்னது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் இயந்திரத்தின் மீது மரியாதை வந்தது. ஆனால் வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது.

மறுநாள் மத்தியானம் வழி பிடிபட்டது. படத்தை வரைந்து முடித்ததும் நிரல் மூன்று பொருளை நம் கையில் திருப்பித் தருகிறது. எத்தனை பேர், எந்தெந்த எல்லை, மூன்றாவதாக அந்த பார்கள். முதலிரண்டை வாங்கிக்கொண்டு மூன்றாவதை நான் கீழே போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அதைக் கையில் பிடித்தால் ஒவ்வொரு பாரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு வர்ணம் அடிக்கலாம். கலர்களை ஒரு பட்டியலாக எழுதி, முதல் கலர் முதல் பாருக்கு, இரண்டாவது கலர் இரண்டாவது பாருக்கு என்று பந்தியில் இலை போடுகிற மாதிரி வரிசையாகப் போட்டுக்கொண்டே போகும்படி நாலு வரி எழுதினேன்.

பன்னிரண்டு கலருக்கு எங்கே போவது? எனக்குத் தெரிந்த கலர் மொத்தம் ஏழு. முதல்வர், அலுவலகக் கண்காணிப்பாளரை அனுப்பி வைத்தார். எங்கள் ஆபீஸ் முழுவதையும் ஒற்றை ஆளாக நடத்துகிற அம்மா அவர். இருபத்தைந்து வருஷத்தில் ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை என்று அவரே சொல்வார், மற்றவர்களும் சொல்வார்கள். சேலை எடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எழுதிக்கங்க சார். மொதல்ல வாழையிலப் பச்சை. அடுத்தது கிளிப்பச்சை. அப்புறம் மாந்துளிர்."

"மேடம், மாந்துளிர்னா மெஷினுக்குத் தெரியாது. ஆறு எழுத்துல ஒரு கோட் நம்பர் கேக்கும்."

"அம்புட்டுக் கலரையும் நம்பராவா வச்சிருக்கு? அப்ப சேலை எடுக்கப் போனா என்னன்னு கேப்பாங்க?"

நான் ஒரு நம்பர் அடிப்பேன். அவர் திரையைப் பார்த்து, "இது மாந்துளிர் இல்ல, வெளுத்த மாந்துளிர். மூணு தடவ துவைச்சது" என்பார். நான் நம்பரை மாற்றுவேன். எலுமிச்சைக்கும் மாம்பழ மஞ்சளுக்கும் வித்தியாசம் காட்ட, கட்டியிருந்த சேலையின் கரையைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்தார். ஒன்பதுக்கு மேலே மிளகாய்ப்பழச் சிவப்பு, செங்கல், அரக்கு, கத்தரிப்பூ, புளியங்கொட்டை. கடைசிக்குக் கறுப்பு வைக்கலாமா என்றேன். "நல்ல காரியத்துக்கு யாராச்சும் கறுப்பு எடுப்பாகளா?" என்று கேட்டுவிட்டு சிலேட்டுக் கலர் சொன்னார். ஆட்களைத் திட்டுவதற்காகப் போடுகிற படம் எப்படி நல்ல காரியமாகும் என்று நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கருத்தரங்கு அறையில் கூட்டம். மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, புரொஜக்டர் வயரைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றிருந்தபோது, முதல்வர் வந்தார். மடிக்கணினியில் படத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு கொஞ்சம் வாடியது.

"இதுல நான் எங்க சார் இருக்கேன்?"

"நீங்க எட்டு இருபத்தேழுக்கு விரல் வச்சிருக்கீங்க சார். படம் எட்டரைக்குத்தான் ஆரம்பிக்குது. நீங்க படத்துக்கு வெளிய இருக்கீங்க."

"காலேஜுக்கு மொத ஆளா வர்றவன் நானு. நான் வெளிய இருக்கேன், ஒம்போதரைக்கு வர்றவன் உள்ள இருக்கான். நல்லா இருக்கா?"

நல்லா இல்லைதான். எட்டரை என்று இருந்ததை எட்டு இருபத்தைந்து என்று மாற்றினேன். ஒரே ஓர் எண். இடது ஓரத்தில் குட்டையாக ஒரு புது பார் முளைத்தது, வாழையிலைப் பச்சையில், அதில் முதல்வர் மட்டும் தனியாக. அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு வாசலுக்குப் போனார். செகரட்டரியின் கார் வந்துவிட்டது. நான் வயரைச் செருகினேன்.

செகரட்டரி முன்வரிசையில் உட்கார்ந்தார். முதல்வர் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு விளக்கினார். "பச்சையும் மஞ்சளும் நேரத்துக்கு வந்தவங்க சார். சிவப்புலேருந்து அந்தப் பக்கம் லேட்டா வந்தவங்க."

செகரட்டரி திரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மொத்தப் படத்திலும் உயரமான பார், அந்தக் கோபுரம், மிளகாய்ப்பழச் சிவப்பில் ஜொலித்துக்கொண்டிருந்தது.

"இம்புட்டுப் பேரா லேட்டு?" என்றார்.

கீழே நேரம் எழுதித்தான் இருந்தது. ஆனால் இடம் பற்றாமல் எழுத்தைச் சின்னதாக்கிச் சாய்த்து வைத்திருந்தேன். எழுத்து பெரிதாக இருந்தாலும் யாரும் படித்திருக்க மாட்டார்கள். அவ்வளவு அழகான கலர் கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது எண்ணைப் படிக்க யாருக்குத் தோன்றும்?

"திங்கக்கிழமை சிவப்புல இருந்தவங்க கொஞ்சம் எந்திரிங்க. நான் யாரையும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. முகத்தப் பாத்துக்கிறேன்."

முதலில் எழுந்தவர்கள் செல்லூர் பஸ்காரர்கள். கல்லூரி பஸ் ஒன்று செல்லூரில் புறப்பட்டு, ஆரப்பாளையம், காளவாசல் என்று ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும். அதில் வருகிறவர்கள் பதினான்கு பேர். தாங்கள் தினமும் ஒன்பது பத்துக்கு மேல்தான் விரல் வைக்கிறோம் என்பது அவர்களுக்கே தெரியும். தமிழ்த்துறைத் தலைவர் முன்னால் எழ, மற்றவர்கள் பின்னால் எழுந்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களின் நிம்மதி அவர்கள் முகத்தில் இருந்தது.

செகரட்டரி விரல் நீட்டி எண்ணினார். பாத்திரம் எண்ணிப் பழகிய விரல். பிறகு திரையைப் பார்த்தார். "அந்த சிவப்புல எத்தனை பேரு?"

"நாப்பது பேருக்குக் கொஞ்சம் மேல சார்" என்றார் முதல்வர்.

"நிக்கிறது பதினாலு. மிச்சப் பேரு எங்க?"

முதல்வர் முகம் வியர்த்துவிட்டது. குச்சியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தார். "யாராச்சும் எந்திரிங்களேன்."

வேதியியல் மேடம் ஒருவர் எழுந்தார். "போன மாசம் மழையன்னைக்கு ஒரு நாள் லேட்டா வந்தேன் சார்" என்றார். செகரட்டரி தலையாட்டினார். அது ஒரு வழியைத் திறந்துவிட்ட மாதிரி ஆயிற்று. உடற்கல்வி இயக்குநர் எழுந்தார். காலை ஆறு மணிக்கே மைதானத்துக்கு வந்துவிடுகிறவர் அவர். பிறகு வணிகவியலில் இரண்டு பேர். இயற்பியலில் ஒருவர், எழுந்தவர் கையைக் கட்டிக்கொண்டார். பாதி அறை நின்றது. கடைசியாக அலுவலகக் கண்காணிப்பாளர் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு மெதுவாக எழுந்தார். எழுந்து, செகரட்டரியைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் நான் திரும்பித் திரையைப் பார்த்தேன். அப்போதுதான் வலது ஓரம் கண்ணில் பட்டது. கடைசி பார் சிலேட்டுக் கலரில் இருக்க வேண்டும். அது பழைய ஊதாவில் இருந்தது. கலர் பன்னிரண்டு, பார் பதின்மூன்று. பந்தியில் முதல்வரைத் தலையில் கொண்டுவந்து உட்கார வைத்ததில் எல்லோரும் ஓர் இலை தள்ளி உட்கார்ந்துவிட்டார்கள். ஒன்பதுக்கு அப்புறம் வந்தவர்களுக்கு வைத்திருந்த சிவப்பு, ஒன்பதுக்கு முந்தி வந்த நாற்பது பேர் தலையில் விழுந்திருந்தது. நானும் அன்றைக்கு எட்டு ஐம்பத்தாறுக்கு வந்தவன்தான். எனக்கும் சேர்த்துத்தான் சிவப்படித்திருந்தேன்.

பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. செகரட்டரி முகத்தைப் பார்த்துக்கொள்வார், போய்விடுவார், படத்தை அழித்துவிடலாம். ஆனால் கண்காணிப்பாளர் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை அதே அம்மாவிடம்தான் நான் விடுப்பு விண்ணப்பம் நீட்ட வேண்டும்.

"சார், தப்பு என்னோடது" என்றேன். "கலர் ஒரு கட்டம் தள்ளி விழுந்துருச்சு. அந்த சிவப்பு லேட்டா வந்தவங்க இல்ல. சரியா ஒம்போதுக்கு முந்தி வந்தவங்க."

செகரட்டரி என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், பிறகு நிற்கிறவர்களை ஒரு முறை சுற்றிப் பார்த்தார்.

"அப்ப நேரத்துக்கு வந்தவங்கள்லாம் என்னத்துக்கு எந்திரிச்சீங்க?"

கண்காணிப்பாளர்தான் சொன்னார். "நீங்க எந்திரிக்கச் சொன்னீங்க சார்."

செகரட்டரி சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. முன்வரிசை நாற்காலி குலுங்கியது. அவர் சிரிக்கிறார் என்று உறுதியான பிறகு முதல்வர் சிரித்தார், அவருக்குப் பிறகு நாங்கள் சிரித்தோம். எல்லோரும் உட்கார்ந்தார்கள். பஸ்காரர்கள் மட்டும் உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் பாதி குனிந்து நின்றார்கள்.

"சரி, இவங்க பதினாலு பேரு?"

"பஸ்ஸு லேட்டு சார்" என்றார் தமிழ்த்துறைத் தலைவர். "பத்தாவது பார்ல இருக்கமே, அது முழுக்க நாங்கதான்."

டிரைவரைக் கூட்டிவரச் சொல்லி அலுவலக உதவியாளரை அனுப்பினார்கள். அவர் போய் என்ன சொன்னாரோ தெரியாது. டிரைவர் செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு, முகம் சிவக்க உள்ளே வந்தார். ஐம்பது வயதுக்காரர், நரைத்த மீசை.

"அய்யா, எவன் சொன்னான்னு தெரியல. வண்டி ஓட்டுற நாள்ல நான் பார் பக்கமே போறதில்ல."

"ஓட்டாத நாள்ல?" என்றார் செகரட்டரி.

"அது என் சொந்த விசயம்ங்கய்யா."

அறை மறுபடி சிரித்து ஓய்ந்தது. நான் திரையில் அந்த பாரைக் காட்டி, பஸ்ஸில் வருகிறவர்கள் ஒன்பது பத்துக்கு மேல் விரல் வைப்பதைத்தான் சொல்கிறோம் என்று விளக்கினேன். டிரைவர் திரைக்குப் பக்கத்தில் போய் அந்த பாரைப் பார்த்தார்.

"காளவாசல்ல எம்புட்டு நெரிசல் இருந்தாலும் எட்டு அம்பத்தஞ்சுக்கு கேட்டுக்குள்ள வந்துருவேன்யா. வாட்ச்மேன் நோட்டப் பாருங்க. ஆளுகள நான் கீழ எறக்கி விடுறேன். மிசினு ரெண்டாவது மாடியில இருக்கு. அங்க நிக்கிற கூட்டம் கொறையட்டும்னு கீழயே நின்னு, பெறகு பதினாலு பேரும் ஏறிப் போயி, வரிசையில நின்னு, ஒத்த மிசின்ல வெரல் வைக்கணும். அதுக்கு நான் என்ன செய்ய? வண்டிய மாடியில ஏத்தவா?"

மெஷின் முதல்வர் அறை வாசலில் இருந்தது உண்மை. யார் வருகிறார்கள் என்று அவர் இருந்த இடத்திலிருந்தே பார்ப்பதற்காக அங்கே மாட்டியது. செகரட்டரி எழுந்தார். "வாங்க, பாப்பம்" என்று படியேறினார். அவருக்கு முழங்கால் வலி உண்டு. முதல் மாடியில் ஒரு தடவை நின்றார், பாதிப் படியில் ஒரு தடவை நின்றார். நாங்கள் அத்தனை பேரும் கல்யாண ஊர்வலம் மாதிரிப் பின்னால் போனோம். மேலே போய் மூச்சு வாங்கிக்கொண்டு, தன் விரலைப் பதிந்துகொள்ளச் சொன்னார். கண்காணிப்பாளர் மெஷினில் ஏதேதோ அழுத்திவிட்டு வைக்கச் சொன்னார்.

செகரட்டரி கட்டைவிரலை வைத்தார். "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்றது மெஷின், இனிமையான பெண் குரலில். வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்." இடது கையை வைத்தார். அதற்கும் அதே மரியாதைதான். நாற்பது வருஷம் பித்தளையும் எவர்சில்வரும் தூக்கித் தேய்ந்த விரல், ரேகை எங்கே இருக்கும்? ஏழாவது தடவை, "இவ என்னடா, வச்ச வெரலையே வைக்கச் சொல்றா" என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்தார்.

அடுத்த வாரம் மெஷின் கீழே போர்ட்டிகோவுக்கு இறங்கியது. பக்கத்தில் இன்னொன்றும் வந்தது. பஸ்காரர்கள் எட்டு ஐம்பத்தேழுக்கெல்லாம் விரல் வைத்தார்கள். முதல்வருக்கு மட்டும்தான் வருத்தம். இருந்த இடத்திலிருந்து பார்க்க முடியாததால் அவர் தினமும் எட்டேகாலுக்கே வந்து போர்ட்டிகோவில் நிற்க ஆரம்பித்தார். எட்டு இருபத்தைந்தில் தொடங்குகிற என் படத்துக்கு அவர் மறுபடியும் வெளியே போய்விட்டார். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

நிரலையும் திருத்தினேன். எத்தனையாவது பார் என்று பார்த்துக் கலர் அடிப்பதை விட்டுவிட்டு, பாரின் இடது ஓரம் ஒன்பது மணியைத் தொட்டுவிட்டதா என்று கேட்டு அடிக்கும்படி மாற்றினேன். இனி யாரைக் கொண்டுவந்து முன்னால் உட்கார வைத்தாலும் சிவப்பு இடம் மாறாது. கண்காணிப்பாளர் என்னிடம் பேச இரண்டு வாரம் ஆனது. பேசியபோதும், "அந்த மிளகாய்ப்பழம் கொஞ்சம் தூக்கல்தான் சார்" என்று மட்டும் சொன்னார்.

மாதக் கடைசியில் டிரைவர் துறைக்கு வந்தார். வாசலில் நின்றபடியே, "சார், அன்னைக்கு எங்க பஸ்ஸு ஆளுகளுக்கு என்ன கலர் போட்டிருந்தீங்க?" என்றார்.

"கத்தரிப்பூ."

"இப்ப?"

"இப்ப எல்லாரும் நேரத்துக்கு வந்துர்றாங்களே. மஞ்சள்."

"மஞ்சள் வேணாம் சார். எங்க ஆளுக மட்டும் தனியாத் தெரியிற மாதிரி, நல்ல பச்சையில ஒண்ணு போட்டுக் குடுங்க. பஸ்ல ஒட்டணும்."

அவர்கள் இப்போது விரல் வைக்கிற, ஒன்பதுக்கு முந்தின அந்தக் கோபுரத்தை மட்டும் பச்சையாக்கி, மற்றதையெல்லாம் சாம்பல் நிறத்தில் விட்டு, வண்ணத்தில் அச்சடித்துக் கொடுத்தேன். கண்ணாடிக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார். ஒரு வாரம் கழித்து, என் ஸ்கூட்டர் பழுதாகி அந்த பஸ்ஸில் போனேன். காளவாசலில் வண்டியை ஓரங்கட்டச் சொன்ன போக்குவரத்துக் காவலர், காகிதங்களைப் பார்த்து முடித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"இது என்னண்ணே, பச்சையா ஒண்ணு மட்டும் நிக்குது?"

"லேட்டா வாரேன்னு என்னையச் சொன்னாங்க சார். லேட்டு நானில்லன்னு காலேஜ்ல குடுத்த சர்டிபிகேட்டு" என்றார் டிரைவர். "இப்ப நீங்க நிறுத்திட்டீங்க."

காவலர் கையசைத்துப் போகச் சொன்னார்.